நீண்ட நாள் தூக்கமின்மை: இயற்கையாக மீளும் வழி



காலைப் பூசைக்கு முதலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்த தாய்மார்களும் பெரியவர்களும் என்பதை நாம் அறிவோம். "இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களே அம்மா" என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் இதுதான்: "என்ன செய்றது சார், ரெண்டு மணிக்கே முழிச்சிட்டேன். சும்மா படுத்துக் கிடந்து என்ன பண்றது?" ஆலயச் செயலவையில் இருப்பவன், ஓய்வு பெற்ற ஆசிரியன் என்பதால் இந்தக் குறையை நான் அடிக்கடி கேட்கிறேன். அவர்களுக்குச் சொல்லி வருவதையே இம்மலரில் ஒரு பாடமாக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவ உலகம் இன்று ஏற்றுக்கொண்டிருக்கும் முறைகளைப் படித்து, நம் கெடா மாநிலத்து வாழ்க்கைக்கு ஏற்ப விளக்குவது மட்டுமே என் பணி.

எது தூக்கமின்மை?

இரவு 9 மணிக்குப் படுத்து உடனே தூங்கி, விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர் 7 மணி நேரம் தூங்கிவிட்டார். அவருக்கு நோய் எதுவும் இல்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் போதும். வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவதும், இடையிடையே விழிப்பு வருவதும், மாலையிலேயே கண் சொக்குவதும் இயல்பு.

தூங்க வசதியும் நேரமும் இருந்தும் தூக்கம் பிடிக்காமல், அல்லது பிடித்த தூக்கம் கலைந்து மீண்டும் வராமல், மறுநாள் உடல் சோர்ந்து மனம் எரிச்சலடைகிறதா? வாரத்தில் 3 இரவுகளாவது இப்படி நடந்து, அது 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதைத்தான் நீண்ட நாள் தூக்கமின்மை என்கிறார்கள்.

தோட்டத்து மணி செய்த வேலை

ரப்பர் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். எனவே இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போவது தோட்டத்துச் சட்டமாக இருந்தது. லயத்து மணி அடித்தால் எழுந்தே ஆக வேண்டும். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கினாயா என்று மணி யாரையும் கேட்காது. பகல் முழுதும் உடலுழைப்பு. வெயிலும் வெளிச்சமும் போதுமென்ற அளவுக்கு. இரவு வந்தால் பாயில் சாய்ந்த சற்று நேரத்தில் உறக்கம்.

அந்த வாழ்க்கையின் வறுமையையும் கொடுமையையும் நான் புகழவில்லை. ஆனால் அதில் ஒரு மருந்து மறைந்திருந்தது. எழும் நேரம் மாறாததே அந்த மருந்து. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. நம் மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், அலோர் ஸ்டார் எனப் பட்டணங்களுக்கு வந்தார்கள். மணி நின்றது. ஓய்வு பெற்றபின் எத்தனை மணிக்கு எழுந்தாலும் கேட்பவர் இல்லை. தூக்கம் கட்டவிழ்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூக்கம் எப்படி வருகிறது?

நம்மைத் தூங்க வைப்பவை இரண்டு. முதலாவது, தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேர தூக்கம் அழுத்தும். மாலையில் நொறுக்குத் தீனி தின்றவனுக்கு இரவுச் சாப்பாடு இறங்குமா? அதுபோலத் தொலைக்காட்சி முன் நாற்காலியில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தவருக்கு இரவில் படுக்கையில் தூக்கப் பசி இருக்காது.

இரண்டாவது, உடம்பின் கடிகாரம். அது மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கண் வழியாக வரும் வெளிச்சத்தைக் கொண்டே அது பகலையும் இரவையும் அறிகிறது. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே நம் ஊர் மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1-1-1982 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. நாம் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பவர்கள். ஆகையால் கெடாவில் சூரியன் எழ ஏறத்தாழ 7 மணி ஆகிறது. சில மாதங்களில் 7.30கூட ஆகிவிடும். இன்று 5 மணிக்கு எழுபவர் சூரியனுக்கு இரண்டு மணி நேரம் முந்தி எழுகிறார். அவர் இரவு 10 மணிக்குள் களைத்துப் போவதில் வியப்பில்லை.

கெட்ட தூக்கம் ஏன் நீடிக்கிறது?

ஒரு சாவு, ஒரு கடன், ஓர் அறுவை சிகிச்சை, வேலை இழப்பு என ஏதோ ஒன்று தூக்கத்தைக் கெடுக்கிறது. இது யாருக்கும் வரும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஏன் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது? இழந்த தூக்கத்தைப் பிடிக்க நாம் செய்யும் முயற்சிகளே அதை நீடிக்க வைக்கின்றன என்று அமெரிக்க உளவியல் அறிஞர் ஆர்தர் ஸ்பீல்மன் விளக்கினார். சீக்கிரமே போய்ப் படுக்கிறோம். விடிந்தும் எழாமல் புரளுகிறோம். பகலில் தூங்குகிறோம். நொடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்க்கிறோம். நாளடைவில் கட்டில் என்றாலே கவலை என்று மூளை பழகிவிடுகிறது. வரவேற்பறையில் தூங்கி விழுந்தவர், கட்டிலில் படுத்ததும் கண் விழித்துக்கொள்வது இதனால்தான்.

ஆகவே தூக்கத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, எழும் நேரத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே.

செய்ய வேண்டிய முறை

இம்முறையின் இரண்டு பகுதிகளில் ஒன்றை ரிச்சர்ட் பூட்ஸின் 1972-இலும், மற்றொன்றை ஸ்பீல்மனும் அவருடைய குழுவினரும் 1987-இலும் வெளியிட்டனர். இவற்றை உள்ளடக்கிய மனப்பயிற்சி முறையையே, நீண்ட நாள் தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மாத்திரைக்கு முன் முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

1. இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள், ஏறக்குறைய எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதைக் காலையில் குறித்தால் போதும். இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம்.

2. எழும் நேரம் ஒன்றை முடிவு செய்யுங்கள். ஞாயிறு, விடுமுறை, திருவிழா எதுவானாலும் அதே நேரம். இரவு முழுதும் தூங்காவிட்டாலும் அதே நேரம்.

3. உங்கள் சராசரித் தூக்கம் எவ்வளவோ அவ்வளவு நேரம் மட்டும் கட்டிலில் இருங்கள். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் கட்டிலில் இருக்கும் நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள்.

4. கட்டிலில் இருந்த நேரத்தில் 100-க்கு 85 பங்கு தூங்கினால், அடுத்த வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். இப்படி வாரந்தோறும் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

5. ஏறக்குறைய 20 நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கினால் மட்டும் திரும்புங்கள். கட்டிலில் கைப்பேசி, கணக்கு வழக்கு, குடும்பப் பேச்சு எதுவும் வேண்டாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பீடோங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய தாயார் ஒருவர், இப்போது சுங்கை பட்டாணியில் மகன் வீட்டில் இருக்கிறார். கணவர் காலமானபின் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்ட ஓர் இரவில், குளியலறைக்குப் போகும்போது தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகே என்னிடம் சொன்னார். முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். மருத்துவர் சம்மதித்தார், கண்ட மாத்திரையையும் தொடக்கூடாது என்று எச்சரித்தார்.

பேத்தி நோட்டு எழுதினாள். இரவு 8.30 முதல் காலை 6.30 வரை, 10 மணி நேரம் கட்டிலில் இருந்திருக்கிறார். தூங்கியது ஐந்தரை மணி நேரம்; அதாவது 100-க்கு 55 பங்கு. எழும் நேரம் 5 மணி என்று முடிவு செய்தோம். படுக்கும் நேரம் 11.30. அதுவரை கண் விழித்திருக்க, கை தேறியபின் ஆலயத்துக்குப் பூ கட்டினார். முதல் பத்து நாள் மிகவும் சிரமப்பட்டார். "விட்டுடுறேன் சார்" என்றுகூடச் சொன்னார். மூன்றாம் வாரம் முதல் படுத்தால் தூக்கம் வந்தது. இரண்டு மாதத்தில் 10.45 முதல் 5 மணி வரை என்று நிலைபெற்றது. அதில் பெரும்பகுதி நல்ல உறக்கம். கணவரின் நினைவு போய்விட்டதா என்றால் இல்லை. "நினைப்பு பகல்ல வருது, ராத்திரி தூங்க விடுது" என்றார்.

எச்சரிக்கை: வலிப்பு நோய், மனநிலை ஏறி இறங்கும் நோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் மருத்துவர் துணையின்றி இம்முறையைத் தொடங்கக்கூடாது. முதல் சில வாரங்கள் பகலில் தூக்கம் அழுத்தும். லோரி ஓட்டுபவர்கள், மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். உடல் தளர்ந்த முதியவர்கள் ஒரேயடியாகக் குறைக்காமல், வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கட்டில் நேரத்தைக் குறைத்து வரலாம்.

துணை செய்பவை

வெளிச்சம்: நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராதவர்கள், காலையில் சூரியன் எழுந்ததும் அரை மணி நேரம் வெளியில் நடக்க வேண்டும். இரவு 8 மணிக்கே சொக்கி 2 மணிக்கு விழிப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறு: மாலை வெளிச்சம் வேண்டும். 5.30 மணிக்கு மேல் வெளியே நடந்து, முன்னிரவில் விளக்கைப் பிரகாசமாக எரியவிட்டால் அவர்களுடைய கடிகாரம் சற்றுப் பின்னே நகரும்.

காப்பி, தேநீர்: காப்பியில் உள்ள கஃபீன், அடினோசினுக்குரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. குடித்து 5 மணி நேரம் ஆனபின்பும் சராசரியாகப் பாதி உடம்பில் நிற்கும். மாலை 4 மணிக் கோப்பி ஓ, இரவு 9 மணிக்கும் வேலை செய்யும். "எனக்குக் காப்பி குடித்தால்தான் தூக்கம் வரும்" என்பவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறையும். மதிய உணவோடு காப்பியையும் தே தாரேக்கையும் நிறுத்திக்கொள்வது நல்லது.

குளியல்: படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் குளிக்கலாம். அப்போது தோலுக்கும் கை கால்களுக்கும் ரத்தம் பாய்ந்து, பின் உள்ளுடம்பின் சூடு தணியும். அந்தத் தணிவுதான் தூக்கத்தை அழைக்கிறது. நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்களுக்காக, நீரின் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மது: "ஒரு கிளாஸ் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது" என்பது நம் தோட்டங்களில் பழைய பேச்சு. மது முதலில் மயக்கத்தைத் தரும், பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், குறட்டையையும் கூட்டும். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது குடும்பங்களைக் காப்பதற்காக. கள்ளை விட்டவர்களுக்கு நல்ல உறக்கமும் திரும்பியிருக்கும்.

பகல் தூக்கம்: முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் 3 மணிக்குள், அரை மணி நேரத்துக்கு மேற்படாமல்.

மனச்சுமை: 2018-இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டனர். படுக்கும் முன் 5 நிமிடம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்த இளைஞர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட விரைவில் தூங்கினர். மகள் திருமணச் செலவோ, வீட்டுக் கடனோ, காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டுப் படுங்கள். பிறகு மெதுவாக மூச்சு விட்டபடி இறைவன் நாமத்தைச் சொல்லலாம். தூங்குவதற்காகச் சொல்கிறோம் என்ற அவசரம் அதில் கலக்க வேண்டாம்.

கைவைத்தியம் பற்றி

இரவில் வெதுவெதுப்பான பால் அருந்துவது இதமான வழக்கம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை சேர்க்க வேண்டாம். சிறுநீருக்காக அடிக்கடி எழுபவர்கள் மாலையிலேயே அருந்திவிடலாம். பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்ப் பொடி போடுவதும் உண்டு. பினாங்கு ஜாதிக்காய் நமக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று கரண்டிக் கணக்கில் போட்டால் வாந்தி, படபடப்பு, சித்தப்பிரமை உண்டாகும். அமுக்கரா சிலருக்கு ஓரளவு தூக்கம் தருவதாகச் சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ அறிக்கைகளும் உள்ளன. தைராய்டு, நீரிழிவு மருந்து சாப்பிடுபவர்கள் கேட்காமல் எடுக்கக்கூடாது. கடையில் வாங்கும் பாரம்பரிய மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அது மூச்சுத்தடைக் கோளாறாக இருக்கலாம். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். படுத்ததும் கால் குடைந்து, ஆட்டினால்தான் இதம் என்றால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். எதிலும் நாட்டமின்றி, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. இவற்றை அரசாங்க கிளினிக்கிலேயே காட்டலாம்.

பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது முதல், நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் முறை வேலைக்குப் போகின்றனர். இரவு வேலை முடிந்து வரும் மகனைப் பகலில் தூங்க விடுவது குடும்பத்தின் கடமை. அறையை இருட்டாக்குங்கள். அவன் தூங்கும் நேரத்தில் உறவினரை அழைக்காதீர்கள். ஆலய ஒலிபெருக்கியைத் தேவையான அளவுக்கு மேல் வைக்காமல் இருப்பது நம் செயலவையின் கடமையும்கூட.

ஆலயத்தைப் பாருங்கள். அர்த்தசாமப் பூசை முடிந்து இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறோம். விடியலில் திருப்பள்ளியெழுச்சி. திருவிழாவில் இரவுப் பூசை தாமதமானாலும் காலைப் பூசையின் நேரத்தை மாற்றுவதில்லை. மகா சிவராத்திரியில் கண் விழித்தவர்களும் மறுநாள் பகலெல்லாம் தூங்காமல், அன்றிரவே வழக்கத்துக்குத் திரும்பினால் தூக்கம் கெடாது. களைப்போடு வாகனம் மட்டும் ஓட்ட வேண்டாம்.

இதைப் படிக்கும் அன்பர்கள் நாளைக் காலை எத்தனை மணிக்கு எழுவது என்று இன்றே முடிவு செய்து, அந்த ஒரு நேரத்தை இரண்டு மாதம் காத்துப் பாருங்கள். எல்லாம் வல்ல இறைவன் அருளால் அனைவருக்கும் நல்லுறக்கமும் நலமும் வாய்க்கட்டும்.